உடுப்பிட்டிக்குப் போன செய்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. கடலில் இறங்கவும் தடை. குருநகரில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்த நான், ஊருக்கு ஊர் செய்தி அனுப்பும் ரேடியோ செற் பழக ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பொழுது போகாமல்தான் போனேன். சேவை மனப்பான்மை என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

ஒரு நிவாரண அமைப்பு மாதா கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தது. ஊருக்கு ஒருவராகத் தொண்டர்கள் வந்திருந்தோம். சொல்லித்தந்தவர் கொழும்பில் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிப் பழகியவர். என் வயதுதான் இருக்கும், ஆனால் படு கண்டிப்பு. ஒருவர் செய்தியைச் சொல்ல, மற்றவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடினாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். செற் கார் பற்றரியில் ஓடியது, அது இறங்கிவிடும் என்று சுகம் விசாரிக்கவும் தடை. சாப்பிட்டியளோ என்று கேட்காமல் எங்கள் சனத்தைக் கதைக்கச் சொன்னால் எப்படி?

மரணச் செய்திப் பயிற்சியில்தான் எல்லோரும் இடறினோம். ஆள் செத்தாலும் "கொஞ்சம் கடுமை, வந்திட்டுப் போங்கோ" என்று, வருத்தம் முற்றியதுபோலச் சொல்லி அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உடுப்பிட்டிக்குப் பொறுப்பாக இருந்த பள்ளிக்கூட ரீச்சர் செற்றிலும் அதையே சொன்னார். சொல்லித்தந்தவர் மறித்தார்.

"கடுமை எண்டா மருந்து தேடி ஓடுவினம் ரீச்சர். செத்தா செத்தது எண்டு சொல்லுங்கோ."

ரீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வகுப்பு முடியும்போது எங்களில் அவர்தான் திறம்.

பிறகு என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செற்றோடு இருத்தினார்கள். ஒருநாள் பின்னேரம் பட்டணத்தில் குண்டு விழுந்தது. இறந்தவர்களில் ஒருவன் அங்கே கடையில் வேலை செய்த உடுப்பிட்டி இளைஞன். செற்றில் உடுப்பிட்டியைக் கூப்பிட்டேன், ரீச்சரின் குரல் வந்தது.

"உங்கள் மகன் இறந்துவிட்டார். உடலைப் பொறுப்பேற்க வரவும். ஓவர்."

அதே சொற்கள் அதே வரிசையில் திரும்பி வந்தன. நல்ல வேலை என்று நினைத்தேன். இப்போது அந்த நினைப்பே கசக்கிறது.

மறுநாள் காலை தாயும் தகப்பனும் ஒரே சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு தூரமும் தகப்பன் மிதித்திருக்கிறார், தாய் பின் கரியரில். உடுப்பிட்டி என்றதும் நான் எழுந்து நின்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பெட்டி நாங்கள் ஒழுங்குபண்ணித் தாறம் அம்மா. அதுக்கு நீங்கள் யோசிக்காதேங்கோ."

"ஆருக்குத் தம்பி பெட்டி?"

அந்தத் தாய் கையிலிருந்த பையைத் திறந்து காட்டினார். ஹோர்லிக்ஸ், சுடுதண்ணீர்ப் போத்தல், தோய்த்து மடித்த இரண்டு சாரம். "கையிலை சின்னக் காயமாம். இவர்தான் சொன்னவர்," என்று சொல்லிவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு அந்தத் தாய் குழறிய குழறலை எழுத எனக்கு வராது.

தாதிமார் அவரைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கு ரீச்சர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பழகியும் கடைசியில் ஊர் வழக்கம்தான் வென்றது என்று நினைத்தேன்.

"ரீச்சர் உங்களிட்டைச் சரியாச் சொல்லேல்லையோ ஐயா?"

"சொன்னவ தம்பி. இறந்திட்டார் எண்டுதான் சொன்னவ." அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். சேர்ட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "மனிசிக்கு நான் சொல்லுறன் எண்டு ரீச்சரை அனுப்பிப்போட்டன். வாயிலை வரேல்லை. வழியிலை சொல்லுவம் எண்டு வெளிக்கிட்டன். இவள் பின்னாலை இருந்து, காயம் மாறினோடனை அவனுக்குக் கலியாணம் பேசுவம் எண்டு கதைச்சுக்கொண்டே வந்தவள். எந்த இடத்திலை தம்பி நான் சைக்கிளை நிப்பாட்டுறது?"