காசி தூக்கிவிடாத ஸ்விட்ச்

“கடைசியா என்ன பண்ணீங்க?”

காசி இப்படித்தான் ஆரம்பிப்பார். மெயின் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டார். கூடத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்ப்பார். மிக்ஸி போட்டேன் என்றால், காய்ந்த பொடியா, தண்ணீர் விட்ட சட்னியா என்பார். துணி துவைத்தேன் என்றால், மெஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததா, சுற்றிக்கொண்டிருந்ததா என்பார். கரண்டு வேலைக்கு வந்த மனிதர் சமையல் விசாரிக்கிறாரே என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. பிறகு பையிலிருந்து வீட்டுக்குள் போடுவதற்கென்றே வைத்திருக்கும் ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள். ஐம்பத்திரண்டு வயது. சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டிருப்பார். இருபத்தெட்டு வருடமாகத் திருவண்ணாமலையில் ஒயரிங் வேலை. பௌர்ணமியன்று மட்டும் வர மாட்டார். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது. புது வீடுகள் பெருகிய பிறகு அவருக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். எங்காவது கரண்டு கசிந்தால் தானாக விழுந்து வீட்டையே அணைத்துவிடும் ட்ரிப் ஸ்விட்ச், காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். சும்மா சும்மா விழுகிறது என்பார்கள்.

“சும்மா விழாதுங்க. நமக்குத் தெரியலன்னு சொல்லுங்க” என்பார் காசி.

அவருடைய போனில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் கிடையாது. ஆசிரமப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற ஒரு வீடு ‘எறும்பு’ என்று பதிவாகியிருக்கிறது; ப்ளக் பாயிண்டுக்குள் எறும்புகள் குடியேறியிருந்த வீடு. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் ‘பழைய கீசர்’. இது அந்தத் தலைமையாசிரியருக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் காசியை அசைக்க முடியாது. அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்கிற வீட்டில், அதற்கு மேல் உட்கார மாட்டார். காரணம் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தன் சொந்த வீட்டில் அப்படிக் கொடுத்தவர் அவர். மாவு அரைக்கும்போதெல்லாம் விழுகிறது என்று மனைவி கன்னியம்மாள் சலித்துக்கொண்டார். நாளெல்லாம் ஊரார் வீட்டில் தேடிவிட்டு வருகிறவருக்குத் தன் வீட்டில் தேட அலுப்பாக இருந்தது. பத்து நிமிஷத்தில் டைரக்டாகக் கொடுத்துவிட்டார். பதினோராவது நாள் கிரைண்டர் கன்னியம்மாளைத் தூக்கி எறிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்றைக்கும் சூடு தெரியாது. பால் பாத்திரத்தை இடது கையால்தான் தொட்டுப் பார்க்கிறார். அந்த நேரத்தில் காசி சமையலறைப் பக்கம் போவதில்லை.

போன தை மாதம் வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அருணேஷ், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மனைவி சைலஜா. அப்பா கைலாசம், அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்பவர். முறை வரும் நாட்களில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். காலை ஆறேகால் மணிவாக்கில் ஸ்விட்ச் விழும். சில நாள் விழாது. புது கீசர் மாட்டிப் பார்த்தார்கள்; விழுந்தது. இரண்டு பேர் வந்து பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். டைரக்டாகக் கொடுத்துவிடும்படி அருணேஷ் சொன்னதும் காசி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வாசல்வரை வந்த சைலஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமனார் ஒரு மாதமாகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார் என்றார்.

“அப்பா வீட்ல இருக்கிற அன்னிக்குத்தான் விழுதுன்னு இவர் ஒருநாள் விளையாட்டா சொல்லிட்டார், அண்ணா. அதுலேர்ந்து அவர் ஒரு ஸ்விட்சையும் தொடறதில்ல. ஃபேன்கூட நான்தான் போட்டு விடணும்.”

காசி திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

ஸ்விட்ச் விழுந்த நாட்களில் சைலஜா காலண்டரில் புள்ளி வைத்திருந்தார். மாமனாருக்குக் கோயில் முறை உள்ள நாட்களில் வட்டம் போடுவது அவருடைய வழக்கம். காசி ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். வட்டம் போட்ட நாள் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. விளையாட்டாகச் சொன்னது உண்மைதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே எதிர்மனையில் வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். குளித்த ஈரத்தோடு, வெறுங்காலோடு கைலாசம் வெளியே வந்தார். காம்பவுண்டு ஓரம் அவர் வைத்து வளர்க்கும் வில்வக் கன்றுக்கு மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றினார். முறை நாட்களில் அதற்கு ஊற்ற வேறு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கன்றின் அடியில், கிரகப்பிரவேசத்துக்கு அழகுக்காக வைத்த சின்னத் தோட்ட விளக்கு. பல்பு போய் ஆறு மாதமாகிவிட்டதால் அப்படி ஒன்று இருப்பதையே வீட்டில் மறந்திருந்தார்கள்.

உள்ளே ‘டக்’ என்றது. கூடவே அருணேஷ் அலுத்துக்கொள்ளும் குரலும் கேட்டது. கைலாசம் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிராமல் நின்றார்.

காசி மெயினை அணைத்துவிட்டு வந்து மண்ணைக் கிளறினார். ஒயர் ஜாயின்டை வெறும் டேப் சுற்றிப் புதைத்திருந்தார்கள். டேப் உரிந்து கம்பி வெளியே தெரிந்தது. எரியாத விளக்கின் ஸ்விட்சை யாரும் அணைக்கவில்லை. ஆறு மாதமாக அதில் கரண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் இறங்கியதும் மண்ணில் கசிந்தது.

அருணேஷைத் தனியாகத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார்.

“நேத்து நீங்க சொன்ன மாதிரி குடுத்திருந்தா, இன்னிக்கு ஸ்விட்ச் விழுந்திருக்காது சார். சாமி விழுந்திருப்பாரு. இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

வீட்டுக்குத் திரும்பிய அருணேஷ், அப்பாவின் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் உலர்த்தினார்.

காசி அந்த ஒயரையே பிரித்தெடுத்துவிட்டு மண்ணை மூடினார். கைலாசம் பக்கத்தில் வந்து, தான் தண்ணீர் ஊற்றியதுதான் காரணமா என்று விசாரித்தார்.

“ஜாயின்ட் போட்டவன் சரியா போடல, சாமி. செடின்னா தண்ணி ஊத்தத்தானே செய்வாங்க? ஜாஸ்தியாவே ஊத்துங்க.”

மெயினைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஸ்விட்ச் விழாமல் நின்றது. கீசர், மோட்டார், மிக்ஸி எல்லாவற்றையும் சைலஜா ஒன்றாகப் போட்டார். அப்போதும் நின்றது. காசி பையைக் கட்டிவிட்டார். கிளம்பப் போனவர் திரும்பி மெயின் பெட்டிக்குப் போய், ஸ்விட்சிலேயே இருக்கும் சோதனைப் பட்டனை அமுக்கி, நன்றாக நின்றுகொண்டிருந்ததைத் தானே விழ வைத்தார். ஃபேன் சுழற்சி குறைந்து நின்றது. சமையலறையிலிருந்து சைலஜா எட்டிப் பார்த்தார்.

“சாமி, கொஞ்சம் உள்ள வாங்க. இதைத் தூக்கி விடணும்” என்றார் காசி வாசலைப் பார்த்து.

கைலாசம் வந்து நிலைப்படியில் தயங்கினார். காசி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டிக்கு முன்னாலிருந்து ஓரடி விலகி நின்றார்.