அரிசிப் பானைக்குள் மணி

என் தாத்தா கோயில்பிள்ளை. பினாங்கில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மாதா கோயிலில் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியாருக்கு அங்கி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. யாராவது சாகக் கிடந்தால் பிரெஞ்சுச் சாமியார் நன்மை, அதாவது ஆண்டவரின் அப்பம், கொண்டு போவார். தாத்தா கைமணியை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். தெருவில் நிற்கும் எங்கள் சனங்கள் அப்படியே முழங்காலில் இருப்பார்கள். ரிக்ஷாக்காரர்கள்கூட ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

பெருமைக்கு நடுவில் ஒரு விஷயத்தையும் கவனித்து வைத்திருந்தேன். தாத்தாவின் சின்ன மணி எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுக்காக ஓரிரு நாளில் கோயிலின் பெரிய மணி துக்க மணியாக அடிக்கும். ஒவ்வொரு அடியாக, நடுவில் இடைவெளி விட்டு. இரண்டாம் வகுப்புக்காரிக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சின்ன மணி போனால் ஆள் காலி.

ஒரு மழைக்காலத்தில் தாத்தாவே சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டார். நெஞ்சு கொர் கொர் என்று இழுத்தது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த அப்பா அம்மாவிடம், "சாமியாரக் கூப்புட்டுரலாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யார் எப்போது வந்து கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் கைமணி எங்கள் வீட்டு மாடத்தில்தான் இருக்கும். நான் அதை எடுத்தேன். அதன் நாக்கில் பழைய பாவாடை நாடாவைச் சுற்றி, சத்தம் வராமல் அரிசிப் பானைக்குள் அமுக்கிப் புதைத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தாத்தா என்றால் எனக்கு உயிர். எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். அம்மா பின்னினால் வலிக்கும். பசாரிலிருந்து ரம்புத்தான் பழம் வாங்கி வந்தால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, இனிப்பானதை எனக்குக் கொடுத்துவிட்டுப் புளிப்பையெல்லாம் தானே தின்பார். அப்பேர்ப்பட்ட மனிதரைத் தூக்கி ஒரு மணிக்குக் கொடுத்துவிட முடியுமா?

மணியைக் காணாமல் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. கட்டிலுக்கு அடியில், மாதா சுரூபத்துக்குப் பின்னால், எங்கும் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். கடைசியில் சாமியார் மணி இல்லாமலே வந்து நின்றார்.

அதுவரை அசையாமல் கிடந்த தாத்தா கண்ணைத் திறந்தார்.

"மணிச் சத்தம் கேக்கலையே? மணி இல்லாமலா ஆண்டவரக் கூட்டியாந்தீங்க?"

"மணியக் காணோம்ப்பா" என்றார் அப்பா.

தாத்தா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஊருக்கெல்லாம் அடிச்சேனே. எனக்கு அடிக்க ஆளில்லையா?" என்றார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அடிச்சா நீங்க செத்துப்போயிருவீங்க! நான் தர மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா கையை ஓங்கினார். "வேண்டாம், பிள்ளையை அடிக்க வேண்டாம்" என்றார் சாமியார். தாத்தா மட்டும் என்னைக் கிட்டே வரச் சொல்லி என் கையைப் பிடித்தார். அவர் கை நெருப்பாகச் சுட்டது.

"ஆண்டவர் வீட்டுக்கு வரும்போது முன்னால ஒரு ஆள் வேணும், தாயி. எனக்கு வேற யாரு இருக்கா? நீயே அடி."

அரிசி சிதற மணியை எடுத்து வந்தேன். மனசே இல்லாமல் நாடாவை அவிழ்த்தேன். பெரிய மணிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாக, மிக மெதுவாக அசைத்தேன்.

"எறும்புக்கா அடிக்கிற? நல்லா அடி" என்றார் தாத்தா.

வந்த கோபத்தில் ஓங்கி அடித்தேன். பக்கத்தில் மரச்செருப்பு செய்யும் சீனர் உளியோடு வந்து எட்டிப் பார்த்தார். தாத்தா நன்மை வாங்கினார். சாமியார் தைலம் பூசினார். அப்புறம் தாத்தா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் என்னை வலுக்கட்டாயமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பெரிய மணி அடித்தது. ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். டீச்சர் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. "நான்தான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்" என்று வழியெல்லாம் அழுதுகொண்டே ஓடினேன்.

வீட்டில் தாத்தா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"எவன் கையில கயித்தக் குடுத்தாங்க?" என்று அம்மாவிடம் பொரிந்துகொண்டிருந்தார் தாத்தா. "மத்தியான செபத்துக்கு அடிக்கச் சொன்னா துக்க மணி அடிக்கிறான். ஊர்ல ஒருத்தரும் சாகல, இவனே சாகடிச்சுருவான்."

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "என்ன தாயி, அதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

கட்டிலில் ஏறி அவரைக் கட்டிக்கொண்டேன். கஞ்சி போர்வையெல்லாம் கொட்டியது, அம்மா திட்டவில்லை. அவர் நெஞ்சில் காதை வைத்தேன். கொர் கொர் என்று இழுத்தது. கோயில் மணி நின்ற பிறகும் அது நிற்கவில்லை.