குடிக்கத் தண்ணீர் கேட்டேன்

எங்களுக்குக் கோட்டாற்றில் துணிக்கடை. நாகர்கோவிலில் பெரிய உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் தெருவில், நான்கு குடும்பங்கள் கூட்டாகக் கட்டிய வீட்டில், ஒரு படுக்கையறை கொண்ட பங்கு விலைக்கு வந்தது. கணவரோடு வில்வண்டியில் போய்ப் பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். விற்பவர் இளநீர் வெட்டித் தந்தார். மறுபடி தண்ணீர்தான் கேட்டேன். சோடா வாங்க ஓடினார். எனக்குச் சந்தேகம் தட்டியது. முற்றத்துக் கிணற்றுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அந்நேரம் பக்கத்துப் பங்குக்காரி தெருவிலிருந்து குடத்தோடு வந்தாள்.

"முற்றத்துல கெணறு கெடக்கே, பின்ன எதுக்குத் தண்ணி சொமக்கிய?" என்றேன்.

அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மக்கா, வீட்டுக்குப் பொறத்த உள்ள கக்கூசுத் தண்ணி இந்தக் கெணத்துலதான் ஊறுது."

சோடா வருமுன் வண்டி ஏறிவிட்டோம். இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் தண்ணீர்தான் கேட்கிறேன். கொண்டு வருகிறவரை முதலில் ஒரு மிடறு குடிக்கச் சொல்கிறேன்.