அண்ணாச்சிக்குக் கொடுத்த பதிவேற்ற உரிமை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். என் மனைவியைக் கேட்டால் அது என் இரண்டாவது வேலை என்பாள். முதல் வேலைக்குச் சம்பளம் கிடையாது. கணினியில் தமிழில் தட்டச்சு செய்யும்போது பிழையான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும் ஒரு நிரல். எனக்காக எழுதியதை இணையத்தில் எல்லாருக்குமாகத் திறந்து வைத்தேன். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். புதுப் பதிப்பை விநியோகத் தளத்தில் ஏற்றும் உரிமை மட்டும் என் ஒருவனிடம் இருந்தது.

அது லேசுப்பட்ட உரிமை இல்லை. இன்று நான் ஏற்றுவது நாளைக்கு அச்சகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வக்கீல் குமாஸ்தாவின் மேசையிலும் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். எவனாவது வேண்டாத ஒன்றைச் சொருகி ஏற்றினால் அதுவும் அப்படியே போய் உட்காரும்.

திருத்தம் அனுப்பியவர்களில் இரண்டு பேர் நிலைத்து நின்றார்கள். ஒருவர் தங்கமான மனிதர். "ஐயா, உங்கள் பணி மகத்தானது" என்றுதான் ஆரம்பிப்பார். எந்த ஊர் என்று கேட்டால் சிரிக்கும் பொம்மையை அனுப்புவார். மாதத்துக்கு ஒரு தடவை, "உங்களுக்குச் சிரமம் வேண்டாமே, ஏற்றும் உரிமையை எனக்கும் கொடுத்தால் பாதிச் சுமையை நான் தாங்குவேன்" என்பார்.

இன்னொருவர் நேர் எதிர். கணக்குக்கு ஒரு தின்பண்டத்தின் பெயரை வைத்திருந்தார். அதை இங்கே எழுதினால் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நான் எதை மாற்றினாலும் ஒரு குற்றச்சாட்டு வரும். "என்னவே இது? சரியான சொல்லுக்கெல்லாம் கோடு போட்டு வச்சிருக்கீரு. சோதிச்சுப் பாத்தீரா இல்லையா?" பேச்சைப் பார்த்ததும் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. திசையன்விளையில் மருந்துக்கடை என்று அவரே ஒரு தடவை சொன்னார். கடைக்காரர் அல்லவா? நானும் மரியாதையாக, "சரி அண்ணாச்சி, பாக்குதேன்" என்று பதில் போட்டுவந்தேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. எத்தனையோ நாள் காலையில் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, காப்பி இறங்காமல் வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, என் மனைவி போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டாள். அந்த வாரம் பார்த்து ஒரு கோளாறு. எல்லாரும் தட்டச்சு செய்யப் பயன்படுத்தும் மென்பொருள் புதுப் பதிப்புக்கு மாற, என் நிரல் அதோடு ஒத்துப்போகாமல் கோப்பைத் திறந்ததும் உறைந்துபோனது. ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருக்க, சரிசெய்து ஏற்றக்கூடிய ஒரே ஆளான நான் இளநீர் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் செய்திகள் மலைபோலக் கிடந்தன. அண்ணாச்சி முதல் நாளே கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தம் எழுதியிருந்தார். அதுவரை மக்கள் சமாளிக்க ஒரு குறுக்குவழியையும் சொல்லியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: "நான் எழுதினதை நானே சரின்னு சொல்லக் கூடாது. வேற யாராவது பாருங்க." தங்கமானவர் நேராகத் தளத்தின் நிர்வாகிகளுக்கே எழுதியிருந்தார். பொறுப்பாளர் காணாமல் போய்விட்டார், திட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று. நிர்வாகிகள் நிதானமானவர்கள். மாற்றாமல், "நலமாக இருக்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டிருந்தார்கள்.

அண்ணாச்சியின் திருத்தத்தைப் படித்துப் பார்த்து ஏற்றினேன். கையோடு, "ஏற்றும் உரிமையை நீங்களும் வச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று எழுதினேன். இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"கிறுக்கு பிடிச்சிருக்காவே உமக்கு? நான் யாரு எவருன்னு தெரியுமா? முகத்தைப் பாக்காம, அடையாள அட்டையைப் பாக்காம குடுத்திருவீரோ? ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பாபநாசத்துக்குக் குளிக்க வாரோம். அங்கன வாரும்."

என் மனைவியிடம் சொன்னேன். "யாருன்னே தெரியாத ஆளைப் பாக்க குளிக்கத் துண்டோட போற ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள். ஆனாலும் புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

கோயிலுக்கு எதிரே ஆற்றுப் படித்துறையில் நல்ல கூட்டம். மருந்துக்கடைக்காரர் என்றால் எனக்கு ஒரு உருவம் உண்டு: சட்டைப் பையில் பேனா, கொஞ்சம் தொப்பை. அப்படி இருந்த இரண்டு பேரிடம், "திசையன்விளை மருந்துக்கடையா?" என்று கேட்டு, "இல்லையே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "சொற்பிழை சாரா?"

திரும்பினேன். ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவர் கணவர், கையில் முறுக்குப் பொட்டலம்.

"அண்ணாச்சி..." என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு வருசமா வீட்டுல நாங்களும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதோம் சார்!"

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? கடையில எங்கப்பாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சி, விட்டுட்டேன். முதல்ல வேலையைப் பாப்போம். இந்தாங்க அட்டை."

ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அவருடைய மின்கையெழுத்தின் அடையாள எண்ணைச் சரிபார்க்க வேண்டும். இனி அவர் எதை ஏற்றினாலும் அந்தக் கையெழுத்தோடுதான் போகும். நீளமான எண் என்பதால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசிக்க ஆரம்பித்ததும் ஒரு குரங்கு முறுக்குப் பொட்டலத்துக்குப் பாய்ந்து, முறுக்கோடு தாளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

"ஐயையோ, ரகசியம் போச்சே!" என்று என் மனைவி கத்திவிட்டாள்.

"அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல அக்கா. வாசல்ல எழுதிப்போட்ட கதவு எண் மாதிரி, யாரும் பாக்கலாம். சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனைத் திறந்து பைய ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். அவருடைய பழைய திருத்தங்களோடு வந்து என் போனில் இருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து உரிமையைக் கொடுத்தேன். புளியோதரையை எல்லாருமாகப் பிரித்துச் சாப்பிட்டோம்.

தங்கமானவருக்கு அன்று இரவே நயமாகத்தான் எழுதினேன். தொடர்ந்து திருத்தம் அனுப்புங்கள், ஒருநாள் நேரில் பார்ப்போம் என்று. "நன்றி ஐயா" என்று ஒரே வரி வந்தது. அதற்குப்பின் ஆளைக் காணவில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தவரா, மனம் நொந்து போனவரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாள் அவரை நினைத்தால் சங்கடமாக இருக்கும்.

அண்ணாச்சி புது உரிமையை வைத்துச் செய்த முதல் காரியம், என் திருத்தத்தைத் திருப்பி அனுப்பியது. "சோதனை எங்க? இதை ஏத்த மாட்டேன்." எனக்குச் சுருக்கென்றது. நானே கொடுத்த உரிமையை வைத்து என்னையே நிறுத்துகிறாரே என்று வீட்டில் புலம்பினேன். "குரங்கு கையில குடுத்திருக்கலாம்" என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். மறுநாள் சோதித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.

போன மாதம் விடைத்தாள் திருத்தும் முகாம். பகல் முழுக்கப் போனை அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் புதுப் பதிப்பு ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி அனுப்பிய திருத்தம், அண்ணாச்சி பார்த்து ஏற்றியது. எனக்கு அதில் வேலையே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று குற்றம் கண்டுபிடிக்க முயன்றேன். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வந்த பேருந்தை விட்டுவிட்டு எதிர்க்கடையில் போய் ஒரு டீ சொன்னேன்.