கடைசிப் பரீட்சைக்கான பேனா

எனக்கு ஒரு திமிர் உண்டு. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் இத்தனை வருடம் லேத் ஓட்டியவனுக்கு வீட்டில் எது ரிப்பேரானாலும் ஜுஜுபி. மிக்சி, மோட்டார், பக்கத்து ஃப்ளாட்டின் கதவுப் பூட்டு என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதனால் என் மனைவியின் இங்க் பேனா மக்கர் பண்ணியபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை.

அவள் தபாலில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மதியம் வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதிப் பழகுவாள். அதுவரை எல்லாப் பேப்பரும் அந்தப் பேனாவில்தான் பாஸ். மிச்சமிருந்தது ஒரே பேப்பர், அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் படிக்க உட்கார்ந்து பேனாவைத் திறந்தால், இரண்டு வரி எழுதியது. மூன்றாவது வரியில் வெறும் கீறல்தான் விழுந்தது.

முதலில் மையைக் குறை சொன்னேன். புது பாட்டில் வந்தது. பிறகு நோட்டைச் சொன்னேன். வேறு எதுவும் கிடைக்காமல் கடைசியில் அவள் கையையே சொன்னேன்.

"நீ ரொம்ப அழுத்தி எழுதறம்மே. பேனா இன்னா பண்ணும்?"

அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனுக்கு எழுதவே வராது போல கீது. இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்" என்றாள். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டேன். நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையையும் உருவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அந்தக் கட்டையில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. மை அதன் வழியாகத்தான் இறங்கவேண்டும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். டம்ளர் அடியில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் என்னவோ படிந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது நான்தான். எங்கள் பட்டறையில் மெஷினின் உடம்பில் பொட்டு வைக்க மாட்டோம். வேலை செய்யும் முனையில்தான் வைப்போம். அதே ஜோரில் வீட்டுக்கு வந்து, அவள் புத்தகத்தோடு படைத்திருந்த பேனாவைத் திறந்து, நிப்பின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பி, ஈரத்தோடு மூடியும் போட்டிருக்கிறேன். மேலே இருந்தது மூடியோடு உரிந்து போயிருக்கும்; உள்ளே இறங்கியது காய்ந்து அந்தக் கோட்டை அடைத்துவிட்டது.

டம்ளரை சிங்க்கில் கவிழ்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி நினைக்காமலும் இல்லை. ஆனால் அவள் முகம் போன போக்கு என்னை விடவில்லை. டம்ளரை அப்படியே அவளிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ என் கை மேல தப்பு இல்ல?"

"இல்லம்மே. எல்லாம் என் கை பண்ண வேல."

பேனாவைத் துடைத்து மாட்டி, மை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க எங்கும் விட்டுப்போகாமல் எழுதினாள். மறுநாள் பரீட்சையும் எழுதினாள், பாஸும் ஆனாள்.

இந்த வருடப் பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்ததும், பேனாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இன்னாயா, வேல செய்யற எடத்துலதான வெப்ப? இங்க வை" என்று வலது கையை நீட்டினாள்.

நடுவிரலில், பேனா உரசித் தடித்துப்போயிருந்த இடத்தில், பொட்டு வைத்தேன்.