கூறைச்சேலையில் தைத்த ராணிப் பாவாடை

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, இன்று ஆறு போர்வெல் வண்டிக்கு முதலாளியாக இருப்பவன் நான். பாறையைத் துளைக்கிற சத்தத்துக்கே அசையாதவன், பேத்தி பழைய பட்டுச்சேலையைக் கிழித்த சத்தத்தில் ஆடிப்போனேன். பள்ளி நாடகத்துக்கு அந்தக்கால ராணிப் பாவாடை தைக்கிறாளாம்.

எங்கள் காலத்தில் பெண் வேடமும் பையன்களுக்குத்தான். ராணியாக நான். தன் சாவுக்குப் போர்த்தவென்று வைத்திருந்த கூறைச்சேலையை வெட்டி, அம்மா கையாலேயே பாவாடை தைத்தாள். பூச்சி அரிக்காமல் பெட்டியில் போட்டிருந்த வசம்பு அதில் மணத்தது.

"போட்டு ஒரு சுத்து சுத்திக் காட்டு சாமி."

"பொட்டச்சின்னு சிரிப்பானுங்க, போம்மா."

வீசிவிட்டு ஓடினேன். நாடகத்துக்கும் போகவில்லை.

அம்மா செத்துப்போனபோது, கடையிலேயே விலை கூடின பட்டைப் போர்த்தினேன். அவள் ஆசைப்பட்ட சேலை அதுவல்ல.

"அப்பாரு, பாருங்க" என்று பேத்தி பாவாடையோடு மூன்று சுற்று சுற்றினாள்.

அம்மா கேட்டது ஒரு சுற்றுதான்.