வியோலா வாசித்த வருஷம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தொன்று. அந்த ஜூலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, விருப்பப் பாடம், ஒரு வருஷம், முடிவில் கச்சேரியும் தேர்வும் உண்டு. குறைந்தது இருபது பேர் சேர்ந்தால்தான் பாடம் நடக்கும். நான் பார்த்தபோது பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஆசிரியர்களும் சேரலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது.

அந்த வரி எனக்காகவே எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடற்குழுவுக்குப் பின்னால் நின்று, அவர்களைவிடச் சத்தமாகப் பாடுகிறவன் நான். முன்வரிசைக்காரர்கள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்கள். ரசிக்கிறார்கள் என்றே பத்து வருஷமாக நினைத்திருந்தேன்.

பாடம் நடத்தச் சென்னையிலிருந்து வந்தவர் இருபத்தாறு வயது இளைஞர். வாத்தியங்களைப் பாதிரியார் படிப்புக்கான ஒரு குருமடத்திலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். வயலின்கள் எல்லாம் மாணவர்கள் கைக்குப் போய்விட, எனக்கு ஒரு வியோலா கிடைத்தது. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தடிப்பு. யாரும் விரும்பாததால் மிஞ்சியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதவி பார்த்துப் பெரிதாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசா? இத எங்க வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் குடியிருந்தது மாடியில். பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, கீழ்வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"சார், மோட்டார ஆஃப் பண்ணுங்க. தண்ணியில்லாம ஓடுது. இன்னும் செத்த நேரம் போனா காயில் எரிஞ்சு போயிரும்."

கையில் வில்லோடு நான் கதவைத் திறந்ததால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஓ, நீங்களா சார்," என்று சொல்லி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் வாசிக்கும்போதெல்லாம் கீழே தொலைக்காட்சியின் சத்தம் கூடும்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு தாங்கி. அதில் இசைத்தாளை வைத்துப் பார்த்து வாசிக்க வேண்டும். என்னோடு தாங்கியைப் பகிர்ந்துகொண்டவள் என் புள்ளியியல் மாணவி. குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண், பள்ளி விடுதியில் கன்னியாஸ்திரிகளிடம் வயலின் கற்றவள்; இங்கே இன்னொரு வியோலா அவளுக்கு வந்திருந்தது. போன செமஸ்டரில் என் தாளில் முப்பத்தொன்பது வாங்கியிருந்தாள். வகுப்பில் நாலைந்து பேருக்கு முன்னால் அதைச் சொல்லிக் காட்டியதும் நான்தான். இப்போது அவள் காலால் மெல்லத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவாள். நிகழ்தகவும் விலக்கமும் நடத்துகிற நான், நான்கு வரை ஒழுங்காக எண்ண முடியாமல் அவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பயிற்சி ஆசிரியர் மாணவர்களிடம் கறாரானவர். "எண்ணத் தெரியாதா? காது எங்க இருக்கு?" என்று வெடிப்பார். என் பக்கம் திரும்பும்போது குரல் மாறிவிடும்.

"சார், கொஞ்சம் முன்னாடி போயிட்டீங்க சார்."

முன்னால் போவது நல்லதுதானே என்று நான் புன்னகைப்பேன். இன்னொரு நாள், "சார் வாசிப்புல ஒரு சுதந்திரம் இருக்கு," என்றார். அதை அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னைத் தனியாக அழைத்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"சார், நம்ம சிம்பொனியோட மூணாவது பகுதியில நீங்க வில்லை மட்டும் அசைச்சாப் போதும். கம்பியில பட வேணாம். உங்க கை அசைவு பார்க்க நல்லா இருக்கு சார்."

இதையும் சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வராம ஆட்டச் சொன்னாராக்கும்?"

"மேடையில பாக்குறதுக்கும் அழகு வேணும்ல. அது ஒரு உத்தி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலில் புளி கண்ணில் தெறித்துவிட்டதோ என்று நினைத்தேன். அவள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எனக்குள் ஏதோ சரிந்தது. முன்னால் போனது, சுதந்திரம், கை அசைவு என ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பூசையில் திரும்பிப் பார்த்த முகங்கள் வரைக்கும் போய் நின்றேன்.

மறுநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அந்தப் பெண்ணை நிறுத்தினேன்.

"நெசத்தச் சொல்லும்மா. நான் அவ்வளவு மோசமா வாசிக்கிறேனா?"

"அம்புட்டு மோசமில்ல சார்."

"பயப்படாமச் சொல்லு. மார்க்குல கை வைக்க மாட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கிளாஸ்ல நாங்க புரியலன்னு சொன்னா, நீங்க அதையே இன்னும் வேகமா, இன்னும் சத்தமாச் சொல்லுவீங்கல்ல சார். தப்பாப் போச்சுன்னா வாசிக்கிறப்பவும் அப்படித்தான் பண்றீங்க."

நான் வில்லை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவளே பயந்துபோய் ஒரு வழியும் சொன்னாள். "நாலு அடி சேந்தா ஒரு பாரு. ஒவ்வொரு பார்லயும் மொத அடிய மட்டும் வாசிங்க சார். மத்த மூணையும் விட்டுருங்க. மொத அடி சரியா விழுந்தாப் போதும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அப்படியே செய்தேன். ஒரு மாதம் முழுக்க நான்கில் ஒரு பங்குதான் வாசித்தேன். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்து, "இப்ப முன்னேற்றம் தெரியுது சார்," என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கச்சேரி ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. மனைவியோடு மாமனாரும் கன்னிவாடியிலிருந்து வந்திருந்தார். மருமகன் மேடை ஏறுகிறார் என்று வெள்ளை வேட்டி கட்டி, முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். கருப்பு பேன்ட், வெள்ளைச் சட்டையில் நான் என் மாணவர்களுக்கு நடுவே வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு பகுதிகளில் முதல் அடிகள் எல்லாம் சரியாக விழுந்தன. மூன்றாவது பகுதி வந்தது. சொன்னபடி வில்லைக் கம்பிக்கு மேலே காற்றில் ஓட்டினேன். அந்தப் பகுதியின் நடுவில் ஓரிடத்தில் மொத்தக் குழுவும் சட்டென நிற்கும். இரண்டு விநாடி முழு அமைதி. பிறகு எல்லாரும் சேர்ந்து தொடங்க வேண்டும். அங்கே எல்லாரும் நின்றார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்து, வில் நழுவிக் கம்பியின் மேல் இறங்கியது. அந்த மண்டபம் முழுக்க என் வியோலா மட்டும் தனியாக ஒரு நீண்ட சத்தம் போட்டது. தண்ணீர் இல்லாத மோட்டார் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதில் பிழையே இல்லை.

ஆசிரியரின் கைகள் அந்தரத்தில் நின்றன. பக்கத்தில் அந்தப் பெண் மூச்சை இழுத்தது கேட்டது. அப்போது இரண்டாம் வரிசையில் ஒருவர் கைதட்டினார். என் மாமனார். அவர் தட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். அப்புறம் மண்டபமே தட்டியது. ஆசிரியர் அரை நிமிஷம் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் கூட்டத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பித் தொடங்கினார்.

வெளியே வந்ததும் மாமனாரிடம் ஏன் அங்கே தட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் நிப்பாட்டிட்டாக, நீங்க ஒத்தையா வாசிச்சீக மாப்ள. தட்ட வேணாமா? நான் தட்டலன்னா ஒருத்தனும் தட்டியிருக்க மாட்டான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் ஊருக்குப் போய் டீக்கடையில் அந்தத் தனி வாசிப்பைப் பற்றி ஒரு வாரம் பேசியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. ஆசிரியர் முன்னால் தனியாக வாசிக்க வேண்டும். அங்கே மற்ற மூன்று அடிகளையும் விட்டுவிட முடியாது. நான் தொடங்கி ஐந்தாவது பாரில் அவர் கையை உயர்த்தினார். "தப்பு. மறுபடியும்." சார் இல்லை, புன்னகை இல்லை. மறுபடி வாசித்தேன். "மெதுவா. யாரு துரத்துறா?" மூன்றாம் முறை நிறுத்தியபோது என் காது சூடானது. ஆனால் அந்த வருஷத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். நாலாவது முறை எட்டு பார் தொடர்ந்து வந்தது. அவர் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டார்.

முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது மாணவர் கூட்டம் மொய்த்தது. அவர்களோடு நின்று என் பெயரைத் தேட வெட்கமாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து போனேன். போய் நின்ற பிறகுதான் கண்ணாடியை அறையில் வைத்துவிட்டது தெரிந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் விரலை மேலே வைத்து நிதானமாகக் கீழே கொண்டுவந்தார். முதல் பெயர் குஜிலியம்பாறைப் பெண்ணுடையது. விரல் வெகுதூரம் வந்தது.

"இருக்கீங்க சார். பாஸு."

"எத்தனாவது?"

"கடைசி இல்ல சார். உங்களுக்குக் கீழ ஒருத்தரு இருக்காரு."

அந்த ஒருத்தரை நினைத்துச் சந்தோஷமாக ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் இரண்டாவது வாரத்திலேயே பாடத்தை விட்டுப் போனவர் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.